கால் முறிந்து ஐந்து மாதம், எலும்பு இன்னும் கூடவில்லை: ஒரு சகோதரிக்குப் பதில்

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி நீளமாக எழுதிக் கேட்டிருந்தார். சுருக்கமாக விஷயம் இதுதான். கணவருக்கு 44 வயது, பிறையில் தொழிற்சாலை வேலை. ஐந்து மாதத்துக்கு முன் இரவு ஷிப்டுக்கு மோட்டாரில் போகும்போது கார் மோதி, இடது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன. எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்ததாம். அன்றிரவே ஓர் ஆப்பரேஷன் செய்து, காலுக்கு வெளியே கம்பிக் கூடு மாதிரி ஒன்றை மாட்டினார்கள். ஒன்பது நாள் கழித்து அதைக் கழற்றிவிட்டு எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். இப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, "இன்னும் கூடவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம்" என்கிறார்கள். அவருக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) உண்டு. சிகரெட்டைக் குறைத்திருக்கிறார், விடவில்லை. மாமியாரோ, கம்பியை எடுத்துப் போட்டுவிட்டுக் கம்பத்தில் (கிராமத்தில்) எண்ணெய்க் கட்டுப் போடலாம் என்கிறார். டாக்டர்கள் முதலிலேயே தப்புச் செய்துவிட்டார்களா, இன்னோர் ஆப்பரேஷன் வருமா, வருகிற தைப்பூசத்துக்கு அவர் காவடி எடுக்க முடியுமா என்பவை கேள்விகள்.

சகோதரி, எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "பழைய காயத்து ஓரத்தில் பத்து நாளாக லேசாக ஈரம் கசிகிறது, வலி இல்லை, கிரீம் தடவுகிறோம்." இருபது வருடத்துக்கு மேல் எலும்பு வார்டில் வேலை பார்த்தவன் நான். அந்த வரியைப் படித்ததும் மற்றதெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது.

எலும்பு வெளியே வந்து, பிறகு உள்ளே உலோகம் வைத்த காலில் மாதங்கள் கழித்துக் காயம் கசிகிறது என்றால், உள்ளே கிருமி இருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று பரிசோதித்துக் காட்டுவது டாக்டரின் பொறுப்பு. வலி இல்லையே என்று நிம்மதி அடைய முடியாது. சீழுக்கு வெளியே வர ஒரு துவாரம் கிடைத்துவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும், வலியும் குறையும். இனிப்பு நீரால் கால் நரம்பு மரத்துப் போனவர்களுக்கு வலி தெரிவதே அபூர்வம்.

இந்தக் கிருமிகளின் பிழைப்பு எப்படி என்றால், உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு தங்களைச் சுற்றி ஒரு வழுவழுப்பான படலத்தைக் கட்டிக்கொள்ளும், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பாசி பிடிப்பதுபோல. அந்தப் படலத்துக்குள் மாத்திரையின் வேகம் செல்லாது. பத்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் கசிவு நிற்கும், எல்லாரும் சந்தோஷப்படுவோம், மூன்று வாரத்தில் மறுபடி ஆரம்பிக்கும். அதைவிடப் பெரிய தொந்தரவு ஒன்று உண்டு. உள்ளிருந்து சதையும் எலும்புத் துணுக்கும் எடுத்து எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும்போது, முன்பு சாப்பிட்ட மாத்திரை அதை மறைத்துவிடும். அதனால்தான் நோயாளிக்குக் காய்ச்சல் இல்லாமல் உடம்பு நிலையாக இருந்தால், மாதிரி எடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே ஆன்டிபயாடிக்கை நிறுத்தச் சொல்வோம். ஆக, பக்கத்துக் கிளினிக்கில் ஓர் ஊசி, ஒரு பட்டை மாத்திரை என்று தொடங்கிவிடாதீர்கள். காயத்து மேல் பஞ்சால் தொட்டு எடுக்கும் சோதனையையும் பெரிதாக நம்ப வேண்டாம், தோலில் எப்போதும் இருக்கிற கிருமிதான் பெரும்பாலும் அதில் வரும்.

அடுத்த மாத அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்க வேண்டாம். ஆப்பரேஷன் செய்த இடத்தின் எலும்பு கிளினிக்குக்கு இந்த வாரமே போங்கள். இரத்தத்தில் சிஆர்பி, இஎஸ்ஆர் என்று உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சோதனைகள் பார்ப்பார்கள், புது எக்ஸ்ரே எடுப்பார்கள். தேவைப்பட்டால் சிடி ஸ்கேனும் வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், கால் சிவந்து சூடாவது, திடீரென்று சர்க்கரை எகிறுவது, இவற்றில் எது வந்தாலும் கிளினிக் நாளைப் பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

சரி, இப்போது உங்கள் கேள்விகள்.

இரண்டு ஆப்பரேஷன் செய்ததில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருப்பது கணைக்கால் எலும்பு. விரலால் தடவிப் பாருங்கள்: எலும்பு, அதன் மேல் நேராகத் தோல். நடுவில் சதையே கிடையாது. அதனால்தான் உடம்பின் நீள எலும்புகளில் அடிக்கடி தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வருவது இதுதான். சாலையில் முறிந்து கிடந்த காலுக்குள் மண், எண்ணெய், கால்சட்டைத் துணியின் நூல் எல்லாம் போயிருக்கும். அந்த இரவில் டாக்டர்களின் முதல் வேலை எலும்பை ஒட்டுவது இல்லை, கழுவுவதுதான். செத்த சதையை வெட்டி எடுத்து, லிட்டர் லிட்டராக உப்பு நீர் விட்டுக் கழுவுவோம். பெரிய காயத்துக்கு ஒன்பது லிட்டர்கூட ஆகும். அந்தக் காயத்தை நம்பி அன்றே உள்ளே முழுக் கம்பியை ஏற்றினால் அழுக்கையும் சேர்த்து ஏற்றியது மாதிரி ஆகிவிடலாம். அதனால் வெளியே கூடு போட்டுக் காலை நேராகப் பிடித்து வைத்து, வீக்கம் இறங்கி, சதை உயிரோடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு உள்ளே கம்பி. அந்த மாற்றத்தை இரண்டு வாரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு, தாமதித்தால் வெளிக்கம்பி நுழைந்த துவாரங்கள் வழியாகவே கிருமி போகும். உங்கள் கணவருக்கு ஒன்பதாம் நாள். சரியான நேரம்தான்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வரும் முறிவுகளைத் 'திறந்த முறிவு' என்போம். அவற்றை இன்றும் நாங்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் பிரிப்பதற்குக் காரணம், பிலிப்பீன்ஸில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த ரமோன் குஸ்டிலோ. 1976-இல் அவரும் ஆண்டர்சனும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட திறந்த முறிவுகளை அலசிச் சொன்னது இதுதான்: காயம் ஒரு செண்டிமீட்டருக்குள் இருந்தால் ஒன்று, அதற்கு மேல் என்றால் இரண்டு, சதை சிதைந்து போயிருந்தால் மூன்று. தரம் ஏற ஏறக் கிருமி பிடிக்கும் வாய்ப்பும் ஏறும். உங்கள் கணவரின் டிஸ்சார்ஜ் தாளில் இந்த எண் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு எத்தனை துண்டு என்பதைவிட இந்த எண்தான் எனக்கு அதிகம் சொல்லும். எலும்புக்குச் சோறு போடுவது சுற்றியிருக்கும் சதையின் இரத்தம்தான். சதை போன இடத்தில் எலும்பு பட்டினி கிடக்கிறது.

உள்ளே வைத்த கம்பியைப் பற்றிப் பல பேருக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. மலாய் நண்பர்கள் 'பெசி (இரும்பு) போட்டாச்சு' என்பார்கள், நம் ஆட்கள் 'கம்பி வைத்தாச்சு' என்பார்கள், அதோடு வேலை முடிந்த மாதிரி. கம்பி எலும்பை ஒட்டாது. கூட வேண்டியது எலும்பின் வேலை. அதுவரை கோணாமல் பிடித்துக்கொள்வது மட்டும்தான் கம்பியின் வேலை. எலும்புக் குழாய்க்குள் ஆணி அடிக்கும் இந்த யோசனை ஜெர்மனியின் கீல் நகரில் 1939-இல் கெர்ஹார்ட் குன்ட்ஷர் செய்தது. யுத்தம் முடிந்து திரும்பிய கைதிகளின் தொடையை எக்ஸ்ரே எடுத்தபோது உள்ளே இரும்பைப் பார்த்து நேசநாட்டு டாக்டர்கள் வாயடைத்துப் போனார்களாம். அதற்கு முன்பெல்லாம் தொடை முறிந்தால் எடை கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கை. இப்போது மறுநாளே எழுப்பி உட்கார வைக்கிறோம்.

எலும்பு கூடும் என்றுதான் கம்பியைப் போடுகிறோம். கூடாமல் ஆண்டுக்கணக்கில் அசைந்துகொண்டே இருந்தால் உலோகமே சலித்து ஒரு நாள் முறியும். இரண்டில் எது முந்தும் என்ற ஓட்டப்பந்தயம்தான் இது.

ஐந்து மாதம் என்பது அந்தப் பந்தயத்தில் தோற்றுவிட்ட நேரமா? மூடிய கணைக்கால் முறிவே கூட நான்கு, ஐந்து மாதம் ஆகும். திறந்த முறிவுக்கு ஆறு, எட்டு மாதம் போவதை வருடம் முழுக்கப் பார்க்கிறேன். புத்தக வரையறைப்படி ஒன்பது மாதம் ஆகியும், அதில் கடைசி மூன்று மாதம் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லாவிட்டால்தான் 'கூடாத எலும்பு' என்று பெயர். 2008-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், கணைக்காலில் கம்பி வைத்த 1,200-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். 'கூடவில்லை' என்ற காரணத்துக்காக ஆறு மாதத்துக்குள் மறு ஆப்பரேஷன் செய்யக் கூடாது என்று அதில் விதி வைத்திருந்தார்கள். பொறுத்துப் பார்த்ததில் பலருக்கு எலும்பு தானாகவே கூடிவிட்டது. எனவே 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று உங்கள் டாக்டர் சொன்னதில் அலட்சியம் இல்லை. ஆனால் அந்தக் கசிவு அவருக்குத் தெரியுமா? நீங்கள் சொன்னீர்களா? சொல்லியிருந்தால் அவரும் அடுத்த மாதம் என்று சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

அடுத்தது என்ன என்பது கிருமி இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது. இல்லை என்றால் வழிகள் சுலபம். கம்பியின் ஒரு முனையில் இருக்கும் ஸ்குரூவை மட்டும் கழற்றிவிட்டால், நடக்கும்போது எலும்பின் இரு முனைகளும் ஒன்றை ஒன்று அழுத்தும், சிலருக்கு அதுவே போதும். இல்லாவிட்டால் பழைய கம்பியை எடுத்து, குழாயைக் கொஞ்சம் கடைந்து அகலப்படுத்தி, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமன் கூடிய கம்பியைப் போடுவோம். கடையும்போது வரும் எலும்புத் தூளே உரம் மாதிரி வேலை செய்யும். நடுவில் எலும்பு குறைந்திருந்தால் இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்கிறோம்.

கிருமி இருந்தால் கதை வேறு. சில நேரம் எலும்பு கூடும் வரை கிருமியை அடக்கி வைத்துவிட்டு, கூடியபின் கம்பியை எடுப்போம். பல நேரம் கம்பியை எடுத்து, உள்ளே கடைந்து கழுவி, ஆன்டிபயாடிக் கலந்த சிமெண்டு பூசிய தண்டை வைத்து, ஆறு வாரம் அளவுக்கு மருந்து கொடுத்து, அதன் பிறகுதான் அடுத்த கட்டம். செத்துப்போன எலும்பை வெட்டி எடுக்க வேண்டி வந்தால் இலிசாரோவ் வளையம். காலைச் சுற்றி வளையங்கள், அவற்றில் மெல்லிய கம்பிகள். வேறோர் இடத்தில் எலும்பை வெட்டி, ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதையும் நான்கு தடவையாக, திருகித் திருகி நகர்த்துவார்கள். இடைவெளியில் புது எலும்பு வளரும். ஒரு செண்டிமீட்டருக்கு ஒரு மாதத்துக்கும் மேல் வளையத்தோடு இருக்க வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வைத்தியம், ஆனால் காலைக் காப்பாற்றும்.

இதைச் சொல்லும்போது என் நோயாளிகளுக்கு வலேரி புரூமெல் கதையை எப்போதும் சொல்வேன். உயரம் தாண்டுதலில் உலக சாதனை வைத்திருந்த சோவியத் வீரர், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியவர். மறு வருடமே மோட்டார் சைக்கிள் விபத்து, இதே கணைக்கால், இதே மாதிரி திறந்த முறிவு. மூன்று வருடம் ஆப்பரேஷன் மேல் ஆப்பரேஷன், எலும்பு கூடவில்லை, கிருமியும் சேர்ந்துகொண்டது. கடைசியில் சைபீரியாவின் குர்கான் ஊருக்குப் போனார், அங்கேதான் இலிசாரோவ் என்கிற டாக்டர் இருந்தார். வளையம் போட்டு எலும்பு கூடியது. பிறகு அவர் மறுபடியும் 2 மீட்டர் உயரம் தாண்டினார். எல்லாருக்கும் அப்படி ஆகும் என்று சொல்லவில்லை. மூன்று வருடம் இழுத்த காலும் கூடியிருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது உங்கள் கணவர் கையில் இருப்பவை. முதலில் சிகரெட். அதைக் குறைத்தேன் என்பது எலும்புக்குப் புரியாத பாஷை. நிகோடின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கும், ஏற்கெனவே பட்டினி கிடக்கும் எலும்பின் தட்டில் இருக்கும் சோற்றையும் எடுத்துவிடும். கடுமையான கால் காயங்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், திறந்த கணைக்கால் முறிவு உள்ளவர்களில் புகைப்பவர்களுக்கு எலும்பு கூடும் வாய்ப்பு 37 விழுக்காடு குறைவு. எலும்புக்குள் சீழ் பிடிக்கும் வாய்ப்பு மூன்றரை மடங்குக்கும் மேல். நல்ல செய்தி தேடினால், முன்பு புகைத்து விட்டவர்களின் நிலை அதில் சற்றாவது மேல். வேப் பிடித்தால் பரவாயில்லையா என்று என்னிடம் கேட்பவர்கள் அதிகம். அதிலும் நிகோடின்தான் இருக்கிறது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் புகைப்பதை நிறுத்த உதவும் பிரிவு உண்டு. தானாக விட முடியாதவர் அங்கே போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடுத்தது சர்க்கரை. மூன்று மாதச் சராசரி எண் (எச்பிஏ1சி) எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. திட்டமிட்ட ஆப்பரேஷனுக்கு அது 8 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று நாங்கள் பார்ப்போம். இதில் ஒரு விஷச் சுழல் உண்டு: உள்ளே கிருமி இருந்தால் சர்க்கரை ஏறும், ஏறிய சர்க்கரையில் கிருமி செழிக்கும். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் எண் இறங்கவில்லை என்றால் காலைச் சந்தேகப்படுங்கள். இன்சுலினுக்கு மாற்றச் சொன்னால் மறுக்க வேண்டாம், எலும்பு கூடும் வரை மட்டும் என்றாவது ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அப்புறம், அந்த இன்னொரு கால். ஐந்து மாதமாக உடம்பு முழுவதையும் அந்த வலது கால்தான் தாங்குகிறது. ஒவ்வொரு இரவும் அந்தப் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், கொப்புளம் இருக்கிறதா என்று.

காலை ஊன்றலாமா? கம்பி வைத்த கணைக்காலுக்கு எடை பட்டால்தான் எலும்புக்கு 'வளர வேண்டும்' என்ற சேதி போகும். பயத்தினால் காலைத் தூக்கியே வைத்திருப்பவர்களின் எலும்பு சோம்பேறியாகிவிடும். உங்கள் டாக்டர் எத்தனை கிலோ வரை ஊன்றலாம் என்று சொல்லியிருப்பார், இல்லையென்றால் கேளுங்கள், கசிவைக் காட்டிய பிறகே கேளுங்கள். 20 கிலோ என்றால் எப்படித் தெரியும்? வீட்டில் எடை பார்க்கும் தராசை எடுத்து இடது காலுக்குக் கீழே வைத்து, வலது கால் பக்கம் அதே உயரத்துக்குப் பழைய டெலிபோன் புத்தகம் ஏதாவது வைத்து, ஊன்றுகோலைப் பிடித்தபடி மெல்ல அழுத்தச் சொல்லுங்கள். முள் 20-ஐத் தொடும்போது கால் எப்படி உணர்கிறது என்பதை உடம்பு ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு நாலு தடவை செய்தால் ஒரு வாரத்தில் தராசே வேண்டாம். முழங்கால் முன்புறம் வலிக்கிறது என்றால் பயப்பட வேண்டாம். கம்பி அந்த வழியாகத்தான் போனது, பாதிப் பேருக்கு அந்த வலி இருக்கும், மண்டியிடும்போது அதிகம் தெரியும்.

நீங்கள் தாண்டி வந்த ஆபத்துகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் தெருவில் நாளைக்கு வேறு யாருக்காவது கால் முறிந்தால் உதவும். பல வருடத்துக்கு முன் ஓர் இரவு, கணைக்கால் முறிந்த ஒரு பையனுக்கு மாவுக்கட்டுப் போட்டு வார்டில் படுக்க வைத்திருந்தோம். மூடிய முறிவு, சின்ன விஷயம் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. இரவு இரண்டு மணிக்குத் தாதி எழுப்பினார்: ஊசி போட்டும் வலி குறையவில்லை, பையன் அடம் பிடிக்கிறான் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள், எனக்குச் சரியாகப் படவில்லை என்றார். போய்ப் பார்த்தேன். பாதம் சூடாகத்தான் இருந்தது, நாடியும் துடித்தது. கட்டைவிரலைப் பிடித்து மெதுவாக மேலே வளைத்தேன். வார்டு முழுக்க எழுந்துகொள்ளும்படி அலறினான்.

கெண்டைக்காலுக்குள் நான்கு அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் விறைப்பான உறை சுற்றியிருக்கிறது. உள்ளே இரத்தமும் வீக்கமும் சேர்ந்தால் உறை விரியாது, அழுத்தம் ஏறும், சதைக்கு இரத்தம் நின்றுவிடும். ஆறு மணி நேரம் தாண்டினால் சதை சாக ஆரம்பிக்கும். பாதத்தில் நாடி இருப்பதால் எல்லாம் நலம் என்று நம்பிவிடக் கூடாது, அது கடைசியில்தான் போகும். அந்தப் பையனுக்குக் கட்டைத் தோல் வரை பிளந்துவிட்டு, நேராகத் தியேட்டருக்குக் கொண்டுபோய் இரண்டு பக்கமும் நீளமாகக் கீறி நான்கு அறைகளையும் திறந்தோம். சாம்பல் நிறமாக இருந்த சதை கண் முன்னே சிவந்தது. காயத்தை உடனே மூட முடியாது, நாலைந்து நாள் கழித்து தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினோம். கால் பிழைத்தது, அந்தத் தாதியால். காயத்துக்கு மிஞ்சிய வலி, மருந்துக்கு அடங்காத வலி, விரலை அசைத்தால் உயிர் போகும் வலி. இவற்றில் ஒன்று இருந்தாலும், கட்டுப் போட்ட இடத்துக்கு அந்த இரவே திரும்பிப் போக வேண்டும்.

மற்ற இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டு வராமலே ஒரு லிட்டருக்கு மேல் இரத்தம் உள்ளே போய்விடும், எலும்புக் கொழுப்பு இரத்தத்தில் கலந்து நுரையீரலை அடைப்பதும் உண்டு. முறிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் மூச்சு வாங்கி, குழம்பிப் பேசி, மார்பிலும் அக்குளிலும் சிவப்புப் புள்ளிகள் வந்தால் அதுதான். கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைவது பிறகும் வரலாம். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி இறுகுவது, மூச்சு அடைப்பது, இரண்டும் இப்போதும் உங்கள் கணவருக்குப் பொருந்தும், ஏனென்றால் அவர் அதிகம் அசைவதில்லை.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. தோட்டத்துக் காலத்தில் எண்ணெய்க் கட்டுப் போட்டு நடந்தவர்களை அவர் கண்ணால் பார்த்திருப்பார். நகராத, மூடிய, சின்ன வெடிப்பு எப்படியும் கூடும், யார் கட்டினாலும். பெயர் கட்டியவருக்குப் போகும். மலாய்க்காரர்களின் பொமோ, சீனர்களின் சின்சே, நம் வைத்தியர் எல்லாருக்கும் இந்தக் கணக்குப் பொதுதான். ஆனால் கசியும் காயம் இருக்கிற, உள்ளே உலோகம் இருக்கிற காலை எண்ணெய் போட்டு உருவினால் கிருமி இன்னும் ஆழமாகப் போகும். மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டிய, இனிப்பு நீர் உள்ள பாதத்தில் விரல்கள் கறுத்து வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெயரில்லாத 'வலி மாத்திரை', பொட்டல மருந்து எதுவும் வாங்காதீர்கள். பாரம்பரிய மருந்து என்று விற்றதில் டெக்சாமெத்தாசோன் என்கிற ஸ்டீராய்டு கலந்திருந்ததாக நம் நாட்டு மருந்து அதிகாரிகள் பல தடவை எச்சரித்திருக்கிறார்கள். வலி பஞ்சாய்ப் பறக்கும். சர்க்கரை ஏறும், எலும்பு இளகும், கிருமி பெருகும். 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

மாமியாருக்கே ஒரு வார்த்தை, அவர் வயதுக்காக. குளியலறையில் விழுந்து இடுப்பு முறிந்தால் எண்ணெய்க் கட்டுக்கு அங்கே வேலையே கிடையாது. படுக்கையில் கிடக்கிற ஒவ்வொரு நாளும் நுரையீரலில் சளி, முதுகில் புண், காலில் உறைவு. இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் குறையாமல் ஒரு வருடத்துக்குள் இறந்துபோகிறார்கள் என்று பல நாட்டுக் கணக்குகளும் காட்டுகின்றன. இரண்டு நாளுக்குள் ஆப்பரேஷன் செய்து மறுநாள் எழுப்பி உட்கார வைப்பதுதான் அவர்களைக் காப்பாற்றும் வழி. 'இந்த வயதில் ஆப்பரேஷனா?' என்று குடும்பம் கூடிப் பேசியே நாட்கள் போய்விடும்.

சாப்பாட்டில் மாமியார் சொல்வது பாதி சரி. விரால் மீன் சூப் கொடுக்கிறாராம், நல்லது. இங்கே ஆப்பரேஷன் ஆனவர்களுக்கு மலாய்க்காரர்களும் சீனர்களும் 'ஹாருவான்' என்று அதைத்தான் தேடுகிறார்கள். நல்ல புரதம், எலும்பை ஒட்டும் மந்திரம் எதுவும் அதில் இல்லை என்று தெரிந்து சாப்பிட்டால் போதும். முட்டை சீழ் வைக்கும், கத்திரிக்காய் ஆகாது என்று ஒதுக்குவதை விட்டுவிடுங்கள், முட்டை தினமும் இரண்டு சாப்பிடட்டும். சிறுநீரகத்தில் கோளாறு சொல்லியிருந்தால் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பார்க்க வருகிறவர்கள் கொண்டு வரும் மைலோ டின்னும் பாக்கெட் பழச்சாறும் பிள்ளைகளுக்குப் போகட்டும்.

சொக்சோ, அதாவது மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. அவர் வேலைக்குப் போகும் வழியில்தான் விபத்து. வீட்டிலிருந்து வேலையிடத்துக்குப் போகும் பாதையில் நடந்தது வேலை விபத்தாகவே கணக்கில் வரும். எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) நாட்களுக்கு, காப்புறுதிச் சம்பளக் கணக்கில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத் தொகை உண்டு, எம்சி குறைந்தது நான்கு நாள் இருக்க வேண்டும். போலீஸ் ரிப்போர்ட், எல்லா எம்சி தாள்கள், ஆப்பரேஷன் குறிப்பு, ஒன்றையும் தூக்கிப் போடாதீர்கள். சிகிச்சை முடிந்தபின் கால் முழுதும் பழைய நிலைக்கு வராவிட்டால் நிரந்தர ஊனத்துக்கு மருத்துவக் குழு மதிப்பீடு செய்யும். வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றும் 2007 முதல் இருக்கிறது, மலாக்காவில் பெரிய மறுவாழ்வு மையமும் உண்டு. உணவு டெலிவரி ஓட்டுகிற தம்பிகளுக்கும் 2017-இல் வந்த சுயதொழில் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரிச் செலவு கையை மீறினால் அங்கேயே மருத்துவ சமூகநலப் பிரிவு இருக்கும், கதவைத் தட்டுங்கள்.

காவடி. பினாங்குத் தண்ணீர்மலையில் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. வருகிற தைப்பூசத்துக்கு வேண்டாம். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கணைக்காலும் முழங்காலும் அதிக பாரம் தாங்கும். வெறுங்காலோடு கூட்டத்தில் அவ்வளவு நேரம் நிற்பது, மரத்துப் போன பாதத்துக்கு நல்லதே இல்லை. அடிவாரத்தில் பால்குடத்தை வேறு ஒருவர் தோளில் ஏற்றிவிட்டுக் கும்பிடலாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அவர் கேட்காவிட்டால் மாமியார் சொல்லட்டும், அவர் சொன்னால் கேட்பார் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது.

கிளினிக்குக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் தாள், மருந்துப் பை, சர்க்கரைக் குறிப்பு எல்லாம் எடுத்துப் போங்கள். காலையிலேயே நம்பர் எடுத்துவிட்டால் நல்லது. ஒன்று மட்டும்: டாக்டரைப் பார்க்கப் போகிறோமே என்று முந்தின இரவு காயத்தைத் துடைத்து, கிரீம் தடவி, புதுத் துணி கட்டி அழகாக்கிக் கொண்டு போகாதீர்கள். கசிந்த துணி அப்படியே இருக்கட்டும். அதன் நிறத்தையும் அளவையும் அவர் பார்க்க வேண்டும்.